அத்தியாயம் 17: பச்சைக்கல் கனிக்கு ஒரு ரசீது

சீனத்துச் சக்கரவர்த்தி ஒருவர், வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல் ஓட்டிக் கீழ்க்கடலெல்லாம் அளந்த கனகலிங்கத்தாரின் பூட்டனாருடைய நேர்மையை மெச்சி, அரண்மனைப் பேழையைத் திறந்து, பச்சைக்கல்லில் கடைந்த கனி ஒன்றைத் தம் திருக்கரத்தாலேயே எடுத்து வழங்கினார். இது சரித்திரம்.

இந்தச் சரித்திரத்துக்கு அன்றைக்கு வயது பதினொரு நாள்.

அதற்கு முந்தின நாள் வரையில் அது மலாயாவில் ரெம்பியா கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளி லிம் தவுக்கே வீட்டுப் பழமாகத்தான் இருந்தது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தார் என்று அவசரகாலச் சட்டத்தில் லிம்மைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகிறது. சோதனை போட வருவார்கள் என்று பயந்து அவர் மனைவி ஸ்வீ லான் அந்தக் கனியை மாவுச் சாக்குத் துணியில் சுற்றிக்கொண்டு, புக்கிட் செம்பாகா ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, கனகலிங்கத்தின் வீட்டுப் பின்கதவைத் தட்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய கிராணி வீட்டை யாரும் சோதனை போடமாட்டார்கள் என்று அவள் நினைத்தாள். சரியாகத்தான் நினைத்தாள்.

உள்ளங்கை அளவு. வெளிறிய பச்சை. ஒரு பக்கம் துருவேறினாற்போல் பழுப்பு. அந்தப் பழுப்பை வீணாக்காமல் காம்பும் இலையுமாகக் கடைந்திருந்தான் எந்தக் காலத்துச் சீனனோ. கிராணியின் மனைவி அன்னபாக்கியம் அதை மாம்பழம் என்று முடிவுகட்டிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். வெள்ளிதோறும் பாலும் மஞ்சள் தண்ணீரும் வார்த்தார். பழத்தின் தோளில் ஒட்டிக் கிடப்பது இன்னொரு இலை அல்ல, வௌவால் என்பது இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. வீட்டுக்குள் வௌவால் ஆகாது. பழத்தை விடவும் மனமில்லை. வௌவாலை மட்டும் சந்தனத்தால் அப்பி மறைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார்.

கனகலிங்கத்துக்கு மாதக் கடைசியில் ஐம்பத்தைந்து முடிகிறது. துரை மனம்வைத்து ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுக்காவிட்டால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். பதினொரு நாளைக்கு முன்பு அவர் அந்தக் கனியைத் துரைசானிக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துப் போனார். காட்டியாயிற்று, ஆபீஸ் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னார். துரைசானியிடம் சொன்ன சக்கரவர்த்தி கதையை வீட்டில் சொல்லவில்லை. அதைப் பங்களா ஆயா குஞ்சம்மா குழாயடியில் சொல்லி, மகள் சந்திராதேவி காதுக்கு மறுநாளே வந்துவிட்டது. அப்பாவின் பேச்சு அவளுக்குப் பழக்கம். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

அந்தப் புதன்கிழமை காலை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

விடியலிலிருந்து தூறல். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. முள்கம்பி வேலிக்குள் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் எல்லாம் சுருண்டு கிடந்தன. பின்கதவில் ஸ்வீ லான் குடையை மடக்காமலே நின்றாள்.

"பழம் எடுக்க வந்தேன், சந்திரா. நாலு மணிக்கு லோரி. ரெம்பியா போலீஸ் ஸ்டேஷன்."

"எங்கை போக, அக்கா?"

"கிளாங் போறது. அங்கே கேம்ப். என் புருஷன் அங்கே இருக்கான். அப்புறம் கப்பல். ரெண்டு பேரையும் சீனாவுக்கு அனுப்பிடும்."

தோட்டத்து ஆட்களுக்கு இருபது வருஷம் வெல்லமும் புகையிலையும் நிறுத்துக் கொடுத்துக் கற்ற தமிழ் அது. அவள் சட்டைக்குள்ளிருந்து எட்டாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். கனகலிங்கம் கொடுத்த ரசீது. பின்கதவு வழியாக வந்த பொருளுக்கும் ரசீது இல்லாமல் அவர் எதையும் வாங்கினவர் அல்ல. அழகான இங்கிலீஷ் கையெழுத்தில் எழுதியிருந்தார்:

ரெம்பியா லிம் மனைவியிடமிருந்து பெறப்பட்டது: பச்சைக்கல் பழம், ஒன்று. வௌவால், ஒன்று; மேற்படி பழத்தோடு ஒட்டியது. நிலை: நன்று. ஒப்பம்: வே. கனகலிங்கம், தலைமைக் கிராணி.

"அது ஒஃபிஸ் பெட்டியிலை இருக்குப் பிள்ளை," என்றார் அன்னபாக்கியம், அடுப்பிலிருந்து திரும்பாமல். "அப்பாவைக் கூப்பிடு. பூசை முடிஞ்சிருக்கும்."

பூசை அப்போதே முடிந்திருந்தது. ஸ்வீ லானின் குரல் கேட்டதும் மறுபடி தொடங்கியிருந்தது. கனகலிங்கம் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவ வந்திருக்கிறா."

"ஆர்?"

"ஆரெண்டு தெரிஞ்சுதானே இரண்டாந்தரம் திருநீறு பூசிறியள்."

கண் திறந்தது. "நாளைக்கு வரச் சொல்லு."

"நாளைக்கு அவ இந்த ஊரிலை இல்லை. ஒஃபிஸ் பெட்டித் திறப்பைத் தாங்கோ, நான் எடுத்துக் குடுக்கிறன்."

அவர் பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையார் உதவவில்லை.

"அது துரைசானியிட்டை."

"காட்டினது எண்டல்லோ சொன்னியள்."

"காட்டினனான். அவ வாங்கி மேசையிலை வைச்சிட்டா. திருப்பிக் கேக்கிறது மரியாதையோ?"

சந்திராதேவி அடுக்களைக்குப் போனாள். அம்மா ஸ்வீ லானுக்குத் தேத்தண்ணி கொடுத்திருந்தார். அவள் குடிக்கவில்லை. கோப்பையைக் கை காய வைத்துக்கொள்வதற்காகப் பிடித்திருந்தாள்.

"அதிலே ரெண்டு இருக்கு," என்றாள். "ஒண்ணு என் புருஷனுக்கு, ஒண்ணு சீனாவிலே இருக்கிற அவன் அண்ணனுக்கு. அவங்க அப்பா குடுத்தது. என் புருஷன் ஒம்பது வயசிலே இங்கே வந்துட்டான். அண்ணன் முகம் மறந்துபோச்சு. அண்ணனுக்கும் இவன் முகம் தெரியாது. அந்தப் பழம் காட்டினாத்தான் கதவு திறக்கும். இல்லே, யார் வேணும்னாலும் தம்பின்னு சொல்லலாம்லா."

சந்திராதேவி குடையை எடுத்தாள். "நீங்கள் போங்கோ அக்கா. நாலு மணிக்குள்ளை லொறியடிக்கு நான் கொண்டு வாறன். அந்த ரசீதை மட்டும் தாங்கோ."

ஸ்வீ லான் யோசித்தாள். மூன்று மாதமாக அந்தக் கனிக்குப் பதிலாக அவளிடம் இருந்தது அந்தக் காகிதம் ஒன்றுதான். பிறகு கொடுத்தாள்.

துரைசானி வெளியே போயிருந்தாள்; அவள் திரும்ப மதியம் இரண்டாயிற்று. பங்களா குன்றின் மேல் இருந்தது. கனகலிங்கம் கோட்டும் டையும் தொப்பியுமாக முன்னால் நடந்தார். சேறு படாமல் கால்வைப்பதில் இருபத்தொன்பது வருஷ அனுபவம். மகள் பின்னால் குடையோடு.

"நான் கதைக்கிறன். நீ வாய் திறவாதை," என்றார். "துரையோடை கதைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு."

பங்களா வராந்தாவைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கியிருந்தது. நடுவில் சின்ன மேசை, சரிகை விரிப்பு, புலிக்கால் சாம்பல்கிண்ணம். பக்கத்தில் கனி. சந்தனத்தைக் கழுவியிருந்தார்கள். அதன் மேல் மழைநாள் வெளிச்சம் விழுந்து, உள்ளே தண்ணீர் இருப்பதுபோல் தெரிந்தது.

"மிஸ்டர் கனகலிங்கம், நல்ல நேரத்தில் வந்தீர்கள்," என்றாள் துரைசானி இங்கிலீஷில். "சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் பார்த்தார். உங்கள் மாம்பழம் மாம்பழமே இல்லையாம். பீச்சாம். நூற்றைம்பது வருஷம் இருக்குமாம். அந்த வௌவால்கூட அதிர்ஷ்டத்துக்காகச் செதுக்கியதாம். துரை இன்னும் அந்தச் சக்கரவர்த்தி கதையைக் கேட்கவில்லை. சொல்லுங்கள்."

துரை நாற்காலியில் சாய்ந்து பைப்பை எடுத்தார்.

இப்போது சொல்வார் என்று சந்திராதேவி நினைத்தாள். தவறு நேர்ந்துவிட்டது, மேடம் என்று ஒரு வரி. அதை இங்கிலீஷில் எப்படி மடித்துச் சொல்வார் என்றுகூட அவள் மனத்துக்குள் பார்த்துவிட்டாள்.

கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். வல்வெட்டித்துறையிலிருந்து கப்பல் புறப்பட்டது. வழியில் போன தடவை இல்லாத ஒரு புயல் வந்தது. சக்கரவர்த்தி இந்த முறை சிம்மாசனத்திலிருந்து இறங்கியே வந்தார்.

"அது எங்களுடையது இல்லை," என்றாள் சந்திராதேவி.

குரல் சின்னதாகத்தான் வந்தது. ரசீதை மேசைமேல் வைத்தாள்.

துரை அதை எடுத்து வாசித்தார். "வௌவால், ஒன்று," என்று வாய்விட்டே வாசித்தார். பிறகு கனகலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"இது லிம்முடைய பொருளா? ரெம்பியாக் கடைக்காரன் லிம்?"

"ஆமாம்," என்றாள் அவள்.

"விசித்திரம்தான். கனகலிங்கம், அவன் பொருளை நீர் பாதுகாக்கிறீர். அவனைப் பிடித்துக்கொடுத்தவரும் நீரே."



துரை மனைவியின் பக்கம் திரும்பி, பழைய கிரிக்கெட் ஆட்டத்தைச் சொல்வதுபோல் சொன்னார். மார்ச் மாதம் ராணுவம் வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தது. காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர் பெயர் தெரிந்தால் எழுது, உன் பெயரை எழுத வேண்டாம், உறையில் போட்டு ஒட்டிப் பெட்டியில் போடு. இந்தத் தோட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவம். முந்நூற்றுப் பதினொன்று வெறுமையாக வந்தன.

"ஒன்றுதான் நிரப்பி வந்தது. பெயர், தொழில், விலாசம், எல்லாக் கட்டமும். கீழே கையெழுத்து. பதவி. என் ஆபீஸ் முத்திரை வேறு. அதனால் போலீஸ் என்னிடம் வந்து கேட்டது. கனகலிங்கம் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்." பைப்பைத் தட்டினார். "சரியாகத்தானே இருந்தது?"

கனகலிங்கம் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அப்படியானால் சக்கரவர்த்தி?" என்றாள் துரைசானி.

"அது பொதுவாக வழங்குகிற ஒரு வரலாறு, மேடம்."

துரைசானி எழுந்து கனியைத் தானே ஒரு கைத்துண்டில் சுற்றினாள். கொடுக்கும்போது சந்திராதேவியைப் பார்த்தாள், அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. படி இறங்கும்போது துரையின் குரல் பின்னால் வந்தது. "எக்ஸ்டென்ஷன் விஷயம் பிறகு பேசுவோம், கனகலிங்கம்."

இரண்டே முக்கால். குன்றிலிருந்து இறங்கும் பாதையில் அவளுக்கு முன்னால் அப்பாவின் முதுகு. கோட்டின் தோள்பட்டை நனைந்து கறுத்திருந்தது. கேட்க வேண்டியதை அவள் மூன்று தடவை வாய்க்குள் எடுத்தாள். மூன்று தடவையும் விழுங்கினாள். கைப்பையில் துண்டுக்குள் கல் கனத்தது.

வாசல் கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ராமையா. தோட்டத்தில் பிறந்து, பால் வெட்டி, அவசரகாலம் வந்ததும் துப்பாக்கி தூக்கியவன். வெளியே போகிறவர்களிடம் சாப்பாட்டுச் சாமான் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு பிடி அரிசியானாலும் காட்டுக்குப் போய்விடும்.

"பையத் தொறங்க, தங்கச்சி."

திறந்தாள். துண்டை விலக்கிப் பார்த்தான்.

"பழம் வெளிய போவாதுங்க."

"அது கல்லு, ராமையா."

"கல்லுன்னா கல்லு மாதிரி இருக்கணும்லா."

"கடிச்சுப் பாரும்," என்றார் கனகலிங்கம், குரலைத் திரட்டிக்கொண்டு. "நான் இந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி. என்ரை சொல் போதாதோ?"

ராமையா கனியைக் காதருகே வைத்து விரல்முட்டியால் தட்டினான். டங் என்றது. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"உங்க சொல்லுக்குத்தாங்கையா பயம். செக் பண்ணாம உட்டேன்னு நாளைக்கு நீங்களே ஃபாரத்துல எழுதிப் போட்ருவீங்க. கையெழுத்தோட."

கனகலிங்கம் பக்கத்து மரத்தைப் பார்த்தார். சந்திராதேவி ராமையாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"தோட்டம் முழுக்கத் தெரியும், தங்கச்சி. பொட்டியத் தொறந்தப்போ ஆபீஸ் கூட்டுற முத்தாயி அங்கதான் இருந்துச்சு. படிக்கத் தெரியாட்டியும் முத்திரை தெரியும்ல." கனியைத் துண்டில் வைத்து மூடினான். "தவுக்கே கடையில வெல்லம் வாங்காத வூடு ஒண்ணு இல்ல இங்க. அம்மாவுக்கும் ஒனக்கும் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் யாரும் பேசல. போங்க, லோரி போயிரும்."

பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். மூன்று மாதமாகக் குழாயடியில் தான் போய் நின்றதும் பேச்சு மாறியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பெரிய கிராணி மகள் என்ற மரியாதை என்றல்லவா நினைத்திருந்தாள்.

ரெம்பியா போலீஸ் ஸ்டேஷன் முன்னால் லொறி நின்றது. உள்ளே ஏழெட்டுச் சீனப் பெண்கள், தகரப் பெட்டிகள், ஒரு தையல் மெஷின், கூண்டோடு இரண்டு கோழி. ஸ்வீ லான் பின்பலகை ஓரமாக உட்கார்ந்து பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

சந்திராதேவி கனியைக் கொடுத்தாள். ரசீதையும் கொடுத்தாள். ஸ்வீ லான் துண்டை விலக்கி, கனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வௌவாலின் இறக்கை இடுக்கில் மஞ்சள் ஊறிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

"அம்மா பூசை வைச்சவ," என்றாள் சந்திராதேவி. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சாமி வெச்சதா? நல்லதுதான்." அவள் கனியைச் சட்டைக்குள் செருகினாள். அது அங்கே துருத்திக்கொண்டு நின்றது. பிறகு லொறியிலிருந்தே குனிந்து, இரண்டு கையாலும் கனகலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கெராணி நல்ல மனுஷன். எல்லாரும் கதவு சாத்தினான். கெராணி ஒரு ஆள்தான் திறந்தான்."

சந்திராதேவி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும். இந்த நிமிஷம் விட்டால் கடல் தாண்டிப் போய்விடும். ஆனால் சொன்னால், இந்த லொறியில் அவள் கொண்டுபோக அந்தக் கல்லைத் தவிர இருக்கிற ஒரே நல்ல நினைவையும் பிடுங்கிக்கொண்டது ஆகும். அப்பாவுக்காகத்தான் இப்படி நினைக்கிறேனா, அவளுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் மூடிக்கொண்டது.

"கெராணி, நீ இங்கிலீஷ் எழுதுறது. கவர்மெண்டுக்கு ஒரு பெட்டிஷன் எழுது. கப்பல் வர ஒரு மாசம் ஆகும், ரெண்டு மாசம் ஆகும். என் புருஷன் ஒண்ணும் செய்யல. யாரோ தப்பா எழுதிட்டான்."

பெட்டிஷன் என்ற சொல் கேட்டதும் கனகலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. அது அவரையும் மீறி நடந்தது. கோட்டுப் பையிலிருந்து பேனாவும் நோட்டுப் புத்தகமும் வந்தன. குடைக்குள் புத்தகத்தை விரித்தார்.

"என் புருஷன் பேர் சொல்றேன், எழுதிக்கோ."

"வேண்டாம். தெரியும்," என்றார். அழகாக எழுதினார்: லிம் செங் வாட், மளிகை வியாபாரி, கடை எண் பதினான்கு, ரெம்பியா. ஸ்வீ லானுக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தின் வரிசையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"யார் எழுதினான்னு கண்டுபிடிக்க முடியுமா, கெராணி?"

"விசாரிப்பம்," என்றார் கனகலிங்கம்.

போலீஸ்காரர் பின்பலகையைத் தூக்கிக் கொக்கி மாட்டினார். லொறி உறுமிக்கொண்டு அலோர்காஜா பக்கம் திரும்பியது. கோழிகள் கூவின. ஸ்வீ லானின் கை கொஞ்ச தூரம்வரை தெரிந்தது.

"ஏனப்பா?" என்றாள் சந்திராதேவி. பங்களாவிலிருந்து விழுங்கிக்கொண்டு வந்தது அந்த ஒரு சொல்லாகத்தான் வெளியே வந்தது. "அவர் அரிசி குடுத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை."

"அவரோடை கோவமோ?"

"என்னத்துக்குக் கோவம்? நல்ல மனுசன்." அவர் பேனாவுக்கு மூடி போட்டார்.  "படிவத்திலை 'பெயர்' எண்டு ஒரு கட்டம் இருந்தது, பிள்ளை. நான் சேவிஸிலை ஒரு நாளும் ஒரு கட்டத்தை வெறுமையா விட்டு அனுப்பினதில்லை. ஒரு சீனன்ரை பேர்தானே எண்டு யோசிச்சுப் பாத்தன். மீன்காரச் சீனன், பண்டியிறைச்சிச் சீனன், தச்சுச் சீனன், தங்கப்பல்லுச் சீனன். ஒருத்தன்ரை பேரும் எனக்குத் தெரியேல்லை."

மலாயாவுக்கு வந்த இருபத்தொன்பது வருஷத்தில் கனகலிங்கத்துக்கு முழுதாகத் தெரிந்த சீனப் பெயர் லிம் செங் வாட் ஒன்றுதான்.